கண்ணாடியின் இந்தப் பக்கம்

புறாவுக்குப் பயந்து வலை கட்டிய வீட்டில் காக்கைக்கும் வழி இருக்காது என்பது, காக்கை தேவைப்படும் நாள் வரும்வரை யாருக்கும் தோன்றுவதில்லை. வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் நாலாவது மாடியில் அந்த வலையைக் கட்டியவர் தணிகாசலம். லேத் பட்டறைக்காரர் கட்டிய வலை; ஒரு கண்கூடத் தளராது. அவருடைய காரியம் முடிந்த மறுநாள், அவருடைய அக்கா வேதவல்லி நெய்யும் பருப்பும் பிசைந்த சோற்றை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய், "கா... கா..." என்று கூப்பிட்டாள். எதிர் பிளாக்கின் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது, தலையைச் சாய்த்து வலையைப் பார்த்தது, பிறகு வேறு யாரோ கூப்பிட்டதுபோல எழுந்து போய்விட்டது. வேதவல்லி தொண்டை கம்மும்வரை கூப்பிட்டுவிட்டு, சோறும் கையுமாகக் கூடத்துக்குத் திரும்பி, நடுவில் நின்று யோசித்து, ஒரு கவளத்தில் ஒரு சிட்டிகை எடுத்து மீன் தொட்டியில் போட்டாள்.

"அவன் பட்டறையில இருந்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் இதுங்கிட்டதானே இருந்தான்" என்றாள்.

கஸ்தூரி தொட்டிக்குள் சோறு இறங்குவதைப் பார்த்தாள். தணிகாசலத்தின் மனைவி அவள். பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா வேலை பார்க்கிறாள். காலையும் மாலையும் கத்துகிற பிள்ளைகளோடு கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் அவளுக்குப் பேச்சு மிச்சம் இருப்பதில்லை.

தொட்டி மூன்றடி நீளம். அதன் இரும்புக் கால்களைத் தணிகாசலமே பற்றவைத்திருந்தார். உள்ளே ஒரு கூட்டம் சின்னக் கப்பி மீன்களும், அவற்றுக்கு நடுவே தொந்தி பெருத்த ஆரஞ்சு நிறத் தங்கமீன் ஒன்றும் இருந்தன. தங்கமீனின் பெயர் மேஸ்திரி. மற்ற மீன்கள் அங்குமிங்கும் ஓடியாடிக்கொண்டிருக்க, அது மட்டும் நட்டநடுவில் அசையாமல் நின்று எல்லாரையும் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருக்கும் என்பதால் அவர் வைத்த பெயர். "எங்க பட்டறையிலயும் ஒண்ணு இப்படித்தான் நிக்குது, சம்பளம் மட்டும் அதுக்குத்தான் ஜாஸ்தி" என்பார். ஞாயிற்றுக்கிழமைதோறும் தொட்டியில் பாதித் தண்ணீரை மாற்றுவார். முதல் நாளே நீல ட்ரம்மில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, மருந்து வாசனை போகட்டும் என்று திறந்து வைப்பார். மறுநாள் ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறு முனையை வாயில் வைத்து உறிஞ்சி, தண்ணீர் வந்ததும் வாளியில் விட்டு, வாய்க்குள் வந்ததைத் துப்பிவிட்டு, "இன்னிக்கு உப்பு கம்மி" என்பார். ஒவ்வொரு ஞாயிறும் அதே வார்த்தை. கஸ்தூரி ஒவ்வொரு ஞாயிறும் சிரித்ததில்லை, ஆனால் காத்திருந்திருக்கிறாள்.

அவர் போனது இப்படித்தான்: பட்டறையில் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை கழுவப் போனவர், குழாயடியில் குந்தி உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே சுவரில் சாய்ந்துவிட்டார். குழாய் ஓடிக்கொண்டே இருந்ததாம். வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்திய பிறகும் அவருடைய கைகள் ஈரமாகவே இருந்தன. வேதவல்லி முந்தானையால் துடைத்தாள், துண்டால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க ஈரம் ஊறியது. கடைசியில் அப்படியே அனுப்பிவைத்தார்கள்.

கூட்டத்துக்கு நடுவில் கஸ்தூரி அந்தக் கையைப் பிடிக்கவில்லை. கல்யாணத்தன்று பிடித்த கை. ஒருமுறை கடற்கரையில் அலை காலை வாரியபோது பிடித்த கை. மற்றபடி நாத்தனாரோடு ஒரே கூடத்தில் வாழ்ந்த வாழ்க்கையில், காபி டம்ளரை வாங்கும்போது விரலில் விரல் பட்டால் உண்டு.

வேதவல்லி தொட்டியில் ஒரு சிட்டிகை சோறு போட்டாள் அல்லவா? மறுநாளும் போட்டாள். கஸ்தூரி வேனிலிருந்து திரும்பியதும், அவர் போடும் நேரமாயிற்றே என்று மீன் தீனியைத் தூவினாள். வேதவல்லி போட்டது அவளுக்குத் தெரியும், ஆனால் அது சோறு, இது தீனி என்று கணக்கு வைத்துக்கொண்டாள். சாவி கொடுத்து வைத்திருந்த எதிர் வீட்டு மும்தாஜ் அக்கா, இரண்டு பொம்பளைகளும் துக்கத்தில் வாயில்லாத ஜீவனை மறந்திருப்பார்கள் என்று, மத்தியானம் வந்து பிஸ்கட் நொறுக்கிப் போட்டாள். மீனுக்கு வயிறு அதன் கண்ணளவுதான் என்று தணிகாசலம் அடிக்கடி சொல்வார். கண்ணளவு போக மிச்சமெல்லாம் கூழாங்கற்களுக்கு அடியில் இறங்கியது, நொதித்தது. ஒருநாள் அந்தக் கற்களின் இடுக்கிலிருந்து, வெள்ளை நூலைக் கத்தரியால் பொடிப்பொடியாக நறுக்கியதுபோலப் புழுக்கள் நெளிந்து நெளிந்து மேலே வந்தன.

முதலில் தண்ணீரில் மிதந்தன. பிறகு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஏறின. பிறகு, வேனிலிருந்து திரும்பிய ஒரு காலையில், வலையின் நிழல் தரையில் விழும் வெயில் நேரத்தில், கஸ்தூரி பார்த்தாள்: முன் கண்ணாடியின் இடப்பக்கம், இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, புழுக்களெல்லாம் ஒன்றுகூடி ஒரு கையாக இருந்தன.

விரித்த கை. அகலமான உள்ளங்கை, கொஞ்சம் சாய்ந்த விரல்கள், ஆட்காட்டி விரல் மட்டும் பாதி. தணிகாசலத்துக்கு இடது ஆட்காட்டி விரல் பாதிதான். கல்யாணத்துக்கு முன்பே லேத் எடுத்துக்கொண்டது. கல்யாணப் போட்டோவில்கூட அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்திருப்பார்.

கஸ்தூரி பையைக் கீழே வைத்தாள். "அண்ணி, இங்க வாங்க" என்றாள். "அவர் கை வந்திருக்கு."

வேதவல்லி அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்து பார்த்தாள். "ஆமா" என்றாள். பிறகு, அழுகையும் அதட்டலுமாக, "பாத்தியா, கைய நீட்டறான். பசிக்குதுடி அவனுக்கு. காக்கா வழியாவும் போய்ச் சேரல, வேற எப்பிடிக் கேப்பான்?" என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்கு ஓடி, அன்று வடித்த சோற்றில் முதல் கரண்டியைக் கொண்டுவந்து தொட்டியில் போட்டாள்.

கை அங்கேயே இருந்தது. கலைந்தும் போகவில்லை, அசையவும் இல்லை. நுணுகிப் பார்த்தால்தான் ஒவ்வொரு விரலுக்குள்ளும் ஓயாத நெளிவு தெரியும்.

ஒரு வாரத்துக்குள் அந்தக் கை பிளாக்குக்கே பழகிவிட்டது. தரைத்தள ஆட்டோக்காரர் முதல் சவாரிக்கு முன் நாலு மாடி ஏறி வந்து கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு போனார். பரீட்சைக்குப் போகிற பெண்கள் பேனாவை அதன்மேல் வைத்து எடுத்தார்கள். குழந்தைக்கு வயிறு சரியில்லை என்று வந்தவர்கள் குழந்தையின் வயிற்றைக் கண்ணாடியில் ஒட்டவைத்தார்கள். வந்தவர்கள் யாரும் வெறுங்கையோடு வரவில்லை; பசித்தவர் வீட்டுக்கு எப்படி அப்படி வருவது? இட்லி விள்ளல், பூந்தி, பால் பன், மும்தாஜ் அக்காவின் வெள்ளிக்கிழமைப் பிரியாணியிலிருந்து நீளமான நாலு பருக்கை. பிளாக் சங்கத்தின் செயலாளர் வைத்தியலிங்கம், செருப்பை மூன்றாம் மாடியிலேயே விட்டுவர வேண்டும் என்று படிக்கட்டில் அட்டை எழுதி மாட்டினார்.

"டி பிளாக்காரன் நாலு வருஷமா நம்மள கேலி பண்ணான், உங்களுக்குத் தண்ணி வரல, லைட்டு வரலன்னு" என்று கூடத்தில் நின்று பெருமையாகச் சொன்னார். "இப்ப நமக்குக் கையே வந்திருக்கு. அவனுக்கு என்ன வந்திருக்கு? கொசு!"

"மெதுவாப் பேசுங்க சார்" என்றாள் வேதவல்லி. "அவனுக்குச் சத்தம் ஆகாது."

எல்லாரும் கண்ணாடியில் கை வைத்துப் பார்த்தார்கள். வலது கையைத்தான் வைத்தார்கள். போனவரைத் தொட யார் இடது கையை நீட்டுவார்கள்? ஆனால் யாருக்கும் அது சரியாகப் பொருந்தவில்லை.

"என் கட்டவெரலு போற எடத்துல அவரு சுண்டுவெரலு இருக்கே அக்கா" என்றாள் மும்தாஜ். "இந்தாண்ட கட்டவெரலு இருக்க எடத்துல என் சுண்டுவெரலு."

"போனவங்க கை அப்பிடித்தான், மாறித்தான் இருக்கும்" என்றாள் வேதவல்லி. எல்லாம் தெரிந்தவளாகச் சொன்னதால் எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள்.

கஸ்தூரி மட்டும் கை வைக்கவில்லை. ஆட்கள் இருக்கும்போது கூச்சமாக இருந்தது. ஆட்கள் இல்லாத மத்தியானத்தில், தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்தப் பாதி விரலைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். கையை மடியிலிருந்து எடுப்பாள், திரும்ப மடியிலேயே வைப்பாள். தனக்கும் பொருந்தாமல் போய்விட்டால்? ஊரார் கைக்கும் தன் கைக்கும் வித்தியாசம் இல்லை என்று அது சொல்லிவிட்டால்? அதைத் தெரிந்துகொள்ளாமல் இருந்துவிடலாம் என்று இருந்தது.

இதற்கிடையில் கப்பி மீன்கள் ஒவ்வொன்றாக மல்லாந்தன. "தொணைக்குக் கூட்டிக்கறான்" என்று வேதவல்லி அவற்றைச் ஒரு பழைய கரண்டியால் எடுத்தாள். தண்ணீர் கஞ்சி நிறமானது. கூடத்தில் அழுகல் வாடை வந்தது, ஊதுவத்தி அதிகமானது. மேஸ்திரி நடுவில் நிற்பதை விட்டுவிட்டது. நாள் முழுக்க மேல் மட்டத்தில் வாயை வைத்து, காற்றைக் கடித்துக் கடித்து விழுங்கியது. அதன் வலது பக்கச் செதில்கள் வெளுத்திருந்தன.

அதைப் பார்த்த அன்று கஸ்தூரி வேனிலிருந்து பாதி வழியில் இறங்கி, மீன் கடை ஜெபராஜிடம் போனாள். தணிகாசலத்தோடு மீன் பேச்சு பேசியே நண்பரானவர் அவர்.

"புழு மீனை ஒண்ணும் பண்ணாதுக்கா" என்றார் ஜெபராஜ், ஒரு வாடிக்கையாளருக்கு மீனைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டே. "சோறுதான் பண்ணும். மிச்சம் மீதி அழுகுது, தண்ணியில காத்து இல்லாமப் போகுது. கல்லுக்கு அடியில இருக்கற புழுவுக்கே மூச்சு முட்டித்தான் கண்ணாடில ஏறுது. தீனிய நிறுத்துங்க. பாதித் தண்ணிய எடுங்க, கல்லைக் கொழாய்ல உறிஞ்சிச் சுத்தம் பண்ணுங்க. ஓரிரண்டு வாட்டி செஞ்சா புழு இருந்த தடமே இருக்காது."

"தடமே இருக்காதா?"

"இருக்காது." சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையைக் கட்டுவதை நிறுத்தினார். அவரும் முந்தின ஞாயிறு நாலு மாடி ஏறி வந்து, கண்ணாடியைத் தொட்டு, ஒன்றும் பேசாமல் இறங்கிப்போனவர்தான். "செய்யலேன்னா மேஸ்திரி இந்த வாரம் தாங்காதுக்கா" என்றார். "எத வச்சுக்கணும்னு நான் சொல்ல முடியாது."

வழி முழுக்க அவள் அதையே நினைத்தாள். கை இருக்க வேண்டுமானால் சோறு விழ வேண்டும். சோறு விழுந்தால் மேஸ்திரி சாகும். மேஸ்திரியை அவர் உயிராக வளர்த்தார், பேர் வைத்தார், ஊருக்குப் போன இடத்திலிருந்து போன் செய்து முதலில் அதைத்தான் விசாரித்தார், பிறகுதான் அவளை. கை அவருடையது. ஆனால் அது அவர் விட்டுப்போன பிறகு வந்தது. மீன் அவர் விட்டுப்போனது.

அன்று மாலை நீல ட்ரம்மைக் கழுவிக் குழாயடியில் வைத்தாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டு வேதவல்லி குளியலறை வாசலுக்கு வந்தாள்.

"ட்ரம்முல எதுக்குத் தண்ணி?"

"நாளைக்கு ஞாயித்துக்கெழம அண்ணி."

வேதவல்லிக்குப் புரிந்துவிட்டது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "தொட்டியக் கழுவப் போறியா? அவன் கையத் தூக்கி வாளில ஊத்தப் போறியா?"

"மேஸ்திரி செத்துரும்."

"மீனு நாலு வாங்கிக்கலாம்டி! கைய எந்தக் கடையில வாங்குவ?" குரல் உடைந்தது. "கைய நீட்டிக்கிட்டு நிக்கறவனுக்குச் சோத்த நிறுத்துன்னு எவனோ கடக்காரன் சொன்னா, நீயும் கேட்டுக்கிட்டு வந்து ட்ரம்ம ரொப்பற. அவனுக்கு அஞ்சு வயசிலேந்து ஊட்டிவிட்டவ நான். பசிச்சா அவன் முகம் எப்பிடி இருக்கும்னு எனக்குத்தான் தெரியும்."

"முகம் வரலயே அண்ணி" என்றாள் கஸ்தூரி மெதுவாக. "கைதானே வந்திருக்கு."

வேதவல்லி அதன் பிறகு அவளோடு பேசவில்லை. ட்ரம்மை மூடவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் காலையிலேயே படிக்கட்டில் வரிசை நின்றது. வைத்தியலிங்கம் முதல் ஆளாக ரவா கேசரிக் கிண்ணத்தோடு நின்றார். கஸ்தூரி சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, வாளியை வைத்தாள். தணிகாசலம் மாட்டி வைத்திருந்த ஆணியிலிருந்து ரப்பர் குழாயை எடுத்தாள். அது வளைந்த வாக்கிலேயே காய்ந்திருந்தது.

"யாரும் ஒண்ணும் போடாதீங்க" என்றாள். "இன்னிக்குத் தண்ணி மாத்தறேன்."

வைத்தியலிங்கம் கேசரிக் கிண்ணத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார். வேதவல்லி சுவரோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மும்தாஜ் மட்டும், "கஸ்தூரி, ஒரு தடவையாச்சும் தொட்டுக்கமா" என்றாள்.

கஸ்தூரி கேட்காததுபோலக் குழாயின் முனையை வலது கையால் தொட்டிக்குள் விட்டாள். தொட்டி விளிம்பு உயரம். குழாயைக் கற்கள்வரை இறக்க வேண்டுமானால் நுனிக்காலில் எம்ப வேண்டும், எம்பினால் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். யோசிக்காமல் இடது கையைக் கண்ணாடியில் ஊன்றினாள்.

ஊன்றிய பிறகுதான் பார்த்தாள். கை கையின் மேல் இருந்தது. கட்டைவிரல் கட்டைவிரலின் மேல், சுண்டுவிரல் சுண்டுவிரலின் மேல், சாய்வும் அதே சாய்வு. அவளுடைய ஆட்காட்டி விரல் மட்டும் பாதிக்குமேல் வெறும் கண்ணாடியில் நீண்டிருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் இதே இடத்தில், இதே உயரத்தில், குழாயை வாயில் வைத்துக்கொண்டு அவர் ஊன்றி நின்ற கை.

"அண்ணி" என்றாள், திரும்பாமல். "இது உள்ள இருந்து நீட்டற கை இல்ல."

விரல்களைக் கண்ணாடியில் இன்னும் அழுத்தினாள்.

"உள்ள இருந்து நமக்கு இடது கையக் காட்டினார்னா கட்டவெரலு அந்தப் பக்கம்ல இருக்கணும்? இது பொறங்கை. இந்தப் பக்கத்துலேந்து ஊனின கை." தன் காலடியைப் பார்த்தாள். "அவர் தொட்டிக்குள்ள இல்ல. இங்கதான் நிக்கறார், நான் நிக்கற எடத்துல. சோறு கேக்கல அண்ணி. தண்ணி மாத்திக்கிட்டிருக்கார்."

வேதவல்லி எழுந்து வந்தாள். தன் இடது கையைத் தானே முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கையைத் தன் முகத்துக்கு நேரே காட்டினாள். கட்டைவிரல் ஒரு பக்கம். புறங்கையைக் காட்டினாள், கட்டைவிரல் மறுபக்கம். கண்ணாடியைப் பார்த்தாள். இத்தனை நாளும் தம்பிக்கு என்று தான் போட்டதெல்லாம் யார் மேல் விழுந்தது என்பதுபோல மேஸ்திரியைப் பார்த்தாள். அது காற்றைக் கடித்துக்கொண்டிருந்தது.

பிறகு குனிந்து, குழாயின் மறு முனையை எடுத்துக் கஸ்தூரியின் வாயருகே நீட்டினாள். "உறிஞ்சு" என்றாள்.

கஸ்தூரி உறிஞ்சினாள். புளித்த கஞ்சியும் பாசியும் உலோகமும் கலந்த தண்ணீர் வாய் நிறைய வந்தது. குழாயை வேதவல்லி வாங்கி வாளியில் விட்டாள். கஸ்தூரி துப்பினாள். ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அது அவருடைய வார்த்தை என்பதால் சொல்லவில்லை.

தண்ணீர் இறங்க இறங்க, கையும் இறங்கியது. கலையாமல், விரல் மடங்காமல், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு விரற்கடை கீழேயே இருந்துகொண்டு, கண்ணாடியில் வழுக்கி வழுக்கி இறங்கியது. கஸ்தூரி தன் கையை எடுக்கவில்லை. அதன் கூடவே குனிந்தாள், முழங்காலிட்டாள், எல்லாரும் பார்க்கிறார்கள் என்பதே அவள் நினைவில் இல்லை. வாளி நிறைந்தது. வைத்தியலிங்கம் கேசரியைத் தரையில் வைத்துவிட்டு வாளியைத் தூக்கினார். வாசலில் நின்றவர் அதை வாங்கினார், படிக்கட்டில் நின்றவர் அவரிடமிருந்து வாங்கினார். கும்பிட வந்த வரிசை அப்படியே வாளி மாற்றும் வரிசையாக நாலு மாடியும் நீண்டது. கீழே ஆட்டோக்காரர் அதைப் புங்கமரத்தடியில் ஊற்றினார். கூழாங்கற்களுக்கு நடுவில் குழாய் கரகரவென்று அழுக்கை இழுத்தபோது, கையின் மணிக்கட்டு கற்களில் பட்டது, பிறகு உள்ளங்கை, பிறகு விரல்கள். கடைசியாகப் பாதி விரல். அதுவும் குழாய்க்குள் போனது.

ட்ரம் தண்ணீரைச் செம்பு செம்பாக ஊற்றினார்கள். வேதவல்லிதான் ஊற்றினாள்; மீன் மேல் விழாமல், கண்ணாடியோரமாக. வெகுநேரம் மேஸ்திரி மேலேயே இருந்தது. பிறகு ஏதோ வேலை ஞாபகம் வந்ததுபோல மெல்ல இறங்கி, நட்டநடுவில் வந்து, யாருமில்லாத தொட்டியை மேற்பார்வை பார்க்கத் தொடங்கியது.

மறுநாள் வேதவல்லி சமையலறைக் கத்தரிக்கோலோடு பால்கனிக்குப் போய், தம்பி கட்டிய வலையில் ஒரு கவளம் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டாள். காக்கை வந்தது. டி பிளாக்கில் கேலி மறுபடி தொடங்கியது. வைத்தியலிங்கம், கை வந்துவிட்டுப் போன பிளாக்கும் கொசு மட்டுமே வந்த பிளாக்கும் ஒன்றல்ல என்று அவர்களுக்குப் பொறுமையாக விளக்கினார். படிக்கட்டில் செருப்பு அட்டை மட்டும் இன்னும் தொங்குகிறது. யாரோ வந்து போகிற வீடு அது என்பதால் அதைக் கழற்ற யாருக்கும் மனம் வரவில்லை.

புழுக்கள் திரும்பி வரவில்லை. தொட்டி தெளிந்துவிட்டது, உள்பக்கக் கண்ணாடியில் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கஸ்தூரி வாளியை வைத்து, குழாயை எடுத்து, வலது கையால் இறக்கிவிட்டு, இடது கையை ஊன்றப் போவாள். ஊன்றுமுன் ஒரு கணம் நிறுத்திப் பார்ப்பாள். வெளிப்பக்கக் கண்ணாடியில், இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, அப்போதுதான் குழாயடியில் கழுவிவிட்டு வந்து வைத்ததுபோல, ஒரு கையகலத்துக்கு ஈரமாக இருக்கும். ஆட்காட்டி விரல் மட்டும் பாதி. வேதவல்லியும் பார்ப்பாள். பார்த்துவிட்டு, துடைக்கத் துணி எடுக்காமல், சமையலறைக்குப் போய்விடுவாள்.

கஸ்தூரி அதன்மேல் தன் கையை வைத்துக் குழாயை உறிஞ்சுவாள்.